மனு வாங்க மறுத்த உலகமும் ஹெர்ஷ் லாட்டர்பாக்டும்

வன்கொடுமை வழக்குகளில் நிற்கும் நமக்கு நன்கு பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. தாக்கப்பட்டவர் மனுவோடு காவல் நிலையத்துக்குச் செல்கிறார். மனு வாங்கப்படுவதில்லை. ஊருக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம் என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பப்படுகிறார். சட்டப் புத்தகத்தில் உரிமை இருக்கிறது. அந்த உரிமை மீறப்பட்டதைப் பதிவு செய்யும் கை இல்லை.

1947ஆம் ஆண்டில் உலகம் முழுமைக்கும் இதே நிலை நேர்ந்தது. போரில் சிதைந்த நாடுகளிலிருந்தும் அடிமைப்பட்டிருந்த நாடுகளிலிருந்தும் மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு முறையீடுகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவையின் மனித உரிமை ஆணையமோ, அம்முறையீடுகளின் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று தன் முதல் அமர்விலேயே முடிவு செய்தது. பொருளாதார, சமூக மன்றமும் அதே ஆண்டில் அம்முடிவை உறுதிப்படுத்தியது. உலகத்தின் காவல் நிலையமாக இருக்க வேண்டிய ஓர் அமைப்பு, மனு வாங்குவது தன் வேலையன்று என்று அறிவித்தது.

இந்த முடிவைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர்களுள் முதன்மையானவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியர் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட். மனித உரிமைச் சட்டம் என்ற துறையே உருவாகாத காலத்தில் அதற்கு அடித்தளம் இட்டவர் அவர். அவருடைய வாழ்க்கையை நாம் இங்கே திரும்பப் படிப்பது ஒரு மேதையைப் போற்றுவதற்காக மட்டும் அல்ல. அவர் கேட்ட கேள்வி இன்னும் நம் வாசலில் நிற்கிறது என்பதற்காகவே.

பிறப்பு தடுத்த கல்வி

லாட்டர்பாக்ட் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், அன்றைய ஆஸ்திரிய – ஹங்கேரியப் பேரரசின் கிழக்கு எல்லையில் இருந்த கலீசியா மாகாணத்தில், சோல்கியேவ் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் குடும்பம் அருகிலிருந்த லெம்பெர்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்று உக்ரைனில் லிவிவ் என்று வழங்கப்படும் அந்நகரின் பல்கலைக்கழகத்தில் அவர் சட்டம் பயின்றார்.

முதல் உலகப் போர் முடிந்து பேரரசு சிதைந்தபோது, 1918 நவம்பரில் லெம்பெர்க்கைக் கைப்பற்றப் போலந்துப் படையும் உக்ரைனியப் படையும் மோதிக்கொண்டன. போலந்துப் படை வென்றபின் யூதர் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன, பலர் கொல்லப்பட்டார்கள். தம் மக்களின் தெருக்களைக் காக்க நின்ற இளைஞர்களுள் லாட்டர்பாக்டும் ஒருவர். இரு தரப்பின் சண்டையில் எத்தரப்பையும் சேராத மக்கள் ஏன் கொல்லப்பட வேண்டும் என்ற கேள்வியை அவர் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கதவுகளும் யூத மாணவர்களுக்கு மூடப்பட்டன. இறுதித் தேர்வை எழுத முடியாமலே அவர் அந்நகரை விட்டு வெளியேறினார்.

வியன்னாவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் புகழ்பெற்ற சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சன். 1921இல் சட்டத்திலும் 1922இல் அரசியல் அறிவியலிலும் முனைவர் பட்டங்கள் பெற்றார். ஆனால் அங்கும் அவர் கிழக்கிலிருந்து வந்த யூதர் என்பதை அவருடைய ஜெர்மன் உச்சரிப்பே காட்டிக்கொடுத்தது. அத்தகைய பின்னணி அன்றைய வியன்னாவில் பெருந்தடையாக இருந்ததென்றும், அவருடைய தகுதிக்குரிய மதிப்பெண் கிடைக்காமல் போனதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கக் கூடுமென்றும் கெல்சனே பின்னாளில் நினைவுகூர்ந்தார். நேர்முகத் தேர்வு அறையில் தம் பேச்சு வழக்கு எடைபோடப்படுவதை உணர்ந்த நம் மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1923இல் அவர் மனைவி ரேச்சலுடன் இலண்டன் சென்று, இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். அதே கல்வி நிறுவனத்தில் அதே ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் தம் டி.எஸ்சி. பட்டத்தைப் பெற்றார். அம்பேத்கர் வழக்கறிஞராகத் தகுதி பெற்ற கிரேஸ் இன் கழகத்திலேயே லாட்டர்பாக்டும் பின்னர் வழக்கறிஞரானார். இருவரும் சந்தித்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பிறப்பால் விலக்கப்பட்ட இரு மக்கள் கூட்டங்களிலிருந்து வந்த இருவர், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நகரத்தில், சட்டத்தையே கருவியாகத் தேர்ந்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

அரசுகளுக்கு மட்டுமான சட்டம்

லாட்டர்பாக்ட் நுழைந்த காலத்துப் பன்னாட்டுச் சட்டத்தில் மனிதருக்கு இடமில்லை. உரிமையும் கடமையும் உடையவை அரசுகள் மட்டுமே. மனிதர் அரசின் உடைமை போன்றவர். ஓர் அரசு அயல்நாட்டுக் குடிமகனைத் துன்புறுத்தினால் அவனுடைய அரசு கேள்வி கேட்கலாம். தன் சொந்தக் குடிமகனைத் துன்புறுத்தினால் கேட்பதற்கு யாருமில்லை. அது உள்நாட்டு விவகாரம். இறையாண்மை என்ற சொல் அந்த மௌனத்துக்குச் சூட்டப்பட்ட மகுடமாக இருந்தது.

இந்தச் சுவரை அவர் மெல்ல மெல்லத் தகர்த்தார். 1927இல் வெளியான அவருடைய முனைவர் ஆய்வு நூல், தனிமனிதரிடையே வழங்கும் சட்டக் கோட்பாடுகளைக் கொண்டே அரசுகளிடையிலான சட்டமும் வளர்ந்திருக்கிறது என்று நிறுவியது. மனிதரைக் கட்டுப்படுத்தும் நேர்மை அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்பது அதன் உட்பொருள். 1933இல் வந்த அடுத்த பெருநூல், அரசியல் தகராறு என்று பெயரிட்டு எந்த வழக்கையும் நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே தள்ளிவிட முடியாது என்று வாதிட்டது. 1929 முதல் ஆர்னால்ட் மெக்நாயருடன் சேர்ந்து, பல நாட்டு நீதிமன்றங்கள் பன்னாட்டுச் சட்டத்தைக் கையாண்ட தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். பன்னாட்டுச் சட்டம் என்பது வெறும் தூதர்களின் மரியாதைப் பேச்சு அல்ல, நீதிமன்றங்களில் நடைமுறையிலுள்ள சட்டம் என்பதற்கு அத்தொகுப்புகளே சான்றாயின. 1931இல் பிரித்தானியக் குடிமகனானார். 1938இல் கேம்பிரிட்ஜில் பன்னாட்டுச் சட்டத்துக்கான வீவெல் பேராசிரியர் பதவியை ஏற்றார்.

முதல் உலகப் போருக்குப் பின் சிறுபான்மையினரைக் காக்க ஒரு முயற்சி நடந்திருந்தது. 1919இல் போலந்து கையொப்பமிட்ட உடன்படிக்கை, அந்நாட்டுச் சிறுபான்மை மக்களின் உரிமைகளைச் சர்வதேச சங்கத்தின் கண்காணிப்பில் வைத்தது. ஆனால் இத்தகைய கடமைகள் புதிய நாடுகள் மீதும் தோற்ற நாடுகள் சிலவற்றின் மீதும் மட்டுமே சுமத்தப்பட்டன. வென்ற வல்லரசுகள் தம் நாடுகளுக்கும் தம் குடியேற்றங்களுக்கும் அவற்றை ஏற்கவில்லை. 1934இல் போலந்து அக்கண்காணிப்புக்கு இனி ஒத்துழைக்க முடியாதென்று அறிவித்தது. தடுக்க எவராலும் இயலவில்லை. சில மக்களுக்கு மட்டும், சில நாடுகளில் மட்டும் என்று தரப்படும் பாதுகாப்பு நிலைக்காது. எல்லா மனிதருக்கும், எல்லா நாடுகளிலும் செல்லும் உரிமைப் பட்டயமே வேண்டும் என்ற முடிவுக்கு லாட்டர்பாக்ட் வந்தார்.

போரின் நடுவே, 1942இல் அவர் அப்பட்டயத்தை எழுதத் தொடங்கினார். 1945இல் அது நூலாக வெளிவந்தது. உரிமைகளை வரிசைப்படுத்துவதோடு அவர் நிற்கவில்லை. அவ்வுரிமைகள் ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற வேண்டும். அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கண்காணிக்கப் பன்னாட்டு அமைப்பு வேண்டும் என்பதே நூலின் உயிர்நாடி.

நியூரம்பெர்க்கில் ஒரு நாற்காலி

அவர் அந்நூலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் லெம்பெர்க்கிலேயே இருந்தார்கள். 1941இல் ஜெர்மானியப் படை அந்நகரைக் கைப்பற்றியது. ஆகஸ்டில் கலீசியா, ஹான்ஸ் ஃபிராங்க் என்ற நாஜி ஆளுநரின் ஆட்சிப்பகுதியோடு இணைக்கப்பட்டது. ஃபிராங்க் ஒரு வழக்கறிஞர். ஹிட்லரின் சட்ட ஆலோசகராக இருந்தவர். அடுத்த ஆண்டில் அப்பகுதி யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். லாட்டர்பாக்டின் தாயும் தந்தையும் அண்ணனும் தங்கையும் அழிந்தார்கள். அந்த நெருங்கிய குடும்பத்தில் தங்கையின் மகள் ஒருத்தியே உயிர் தப்பினாள்.

1945 ஜூலை இறுதியில், நாஜித் தலைவர்கள் மீதான வழக்கை நடத்தவிருந்த அமெரிக்கத் தலைமை வழக்குரைஞர் இராபர்ட் ஜாக்சன் கேம்பிரிட்ஜுக்கு வந்து லாட்டர்பாக்டைச் சந்தித்தார். குற்றங்களை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதில் வல்லரசுகள் தடுமாறிக்கொண்டிருந்த நேரம் அது. குற்றப்பிரிவுகளுக்குத் தெளிவான தலைப்புகள் இடலாம் என்று லாட்டர்பாக்ட் ஆலோசனை கூறினார். அவற்றுள் ஒன்று, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள். அச்சொற்றொடர் முன்னரும் ஓரிரு இடங்களில் வழங்கியதே. எனினும் ஒரு நீதிமன்றத்தின் சட்டப்பிரிவாக அது நுழைந்தது 1945 ஆகஸ்டு 8ஆம் நாள் இலண்டனில் கையெழுத்தான சாசனத்தின் வழியாகத்தான். ஓர் அரசு தன் சொந்தக் குடிமக்களைக் கொன்றாலும் அதற்கு ஆணையிட்டவர் தனிமனிதராகக் கூண்டில் நிற்க வேண்டும் என்பது அன்று சட்டமானது.

நவம்பர் 20ஆம் நாள் நியூரம்பெர்க்கில் விசாரணை தொடங்கியபோது, பிரித்தானிய வழக்குரைஞர் குழுவோடு லாட்டர்பாக்ட் அமர்ந்திருந்தார். சில அடி தொலைவில் குற்றவாளிக் கூண்டில் ஹான்ஸ் ஃபிராங்க் இருந்தார். தம் குடும்பத்தினருக்கு என்ன ஆயிற்றென்று அப்போது லாட்டர்பாக்டுக்கு உறுதியாகத் தெரியாது. பிரித்தானியத் தலைமை வழக்குரைஞர் ஹார்ட்லி ஷாகிராஸின் தொடக்கவுரையிலும் நிறைவுரையிலும் முக்கியமான சட்டப் பகுதிகளை எழுதிக்கொடுத்தவர் அவரே. தம் சொந்த இழப்பை அவர் வாதமாக வைக்கவில்லை. 1946 அக்டோபரில் ஃபிராங்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு நிறைவேற்றப்பட்டது.

ஆயினும் இவ்வெற்றியில் ஒரு பள்ளம் இருந்தது. அதை நாம் மறைக்கலாகாது. போரோடு தொடர்புடைய கொடுமைகளை மட்டுமே அந்நீதிமன்றம் மானுடத்துக்கு எதிரான குற்றமாக ஏற்றது. 1939க்கு முன் ஜெர்மனிக்குள் யூதர்களுக்கு இழைக்கப்பட்டவை அதன் தண்டனை எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. இது தற்செயல் அன்று. அமைதிக் காலத்தில் ஓர் அரசு தன் மக்களை நடத்தும் விதத்தை உலகம் விசாரிக்கலாம் என்றால், தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை நிறவெறிச் சட்டங்களால் ஒதுக்கிவைத்திருந்த அமெரிக்காவும், குடியேற்றங்களை அடக்கியாண்ட பிரிட்டனும் பதில் சொல்ல நேரும். வல்லரசுகளுக்கு அந்த அச்சம் இருந்தது. உள்நாட்டு விவகாரம் என்னும் சுவரில் விழுந்த ஓட்டையை, அதை இடித்தவர்களே பாதி அடைத்தார்கள்.

தனிமனிதரா, கூட்டமா?

லெம்பெர்க்கின் அதே பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பின்னே சட்டம் பயின்ற இன்னொரு யூதர் ரஃபேல் லெம்கின். இனப்படுகொலை என்ற கருத்துக்கு 1944இல் பெயர் சூட்டியவர். மனிதர்கள் தனித்தனியாகக் கொல்லப்படுவதில்லை, ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே கொல்லப்படுகிறார்கள். எனவே சட்டம் கூட்டத்தைக் காக்க வேண்டும் என்பது லெம்கினின் நிலைப்பாடு. லாட்டர்பாக்டுக்கு இதில் தயக்கம் இருந்தது. கூட்டங்களை முன்னிறுத்தினால் கூட்டங்களுக்கிடையிலான பகையே வளரும், இறுதியில் காக்கப்பட வேண்டியவர் தனிமனிதரே என்று அவர் கருதினார்.

இவ்விவாதத்தில் நாம் லாட்டர்பாக்டின் பக்கம் முழுமையாக நிற்க இயலாது. சேரியில் ஒரு குடிசை எரிக்கப்படும்போது அதில் வாழ்பவரின் பெயரை எரித்தவன் அறிந்திருக்க வேண்டியதில்லை; தெருவின் பெயர் தெரிந்தால் போதும். அந்த உண்மையைக் காணாத சட்டம் கொலையைக் காணும், சாதியைக் காணாது. ஆனால் லெம்கினின் பக்கம் மட்டும் நிற்பதும் போதாது. நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டியவரும் இழப்பீடு பெற வேண்டியவரும் பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதர். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இவ்விரண்டையும் ஒருங்கே காண முயன்ற சட்டம் என்பதே அதன் சிறப்பு. பாதிக்கப்பட்டவர் தனிமனிதர், அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதும் குற்றத்தின் கூறு.

உரிமையும் தீர்வும்

நியூரம்பெர்க்குக்குப் பின், ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையத்தில் பிரிட்டனின் சார்பில் அமர லாட்டர்பாக்டின் பெயர் பரிசீலிக்கப்பட்டது. அத்துறையில் அவருக்கு இணையாக நூல் எழுதியவர் அந்நாட்டில் இல்லை. எனினும் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் அதை எதிர்த்தார். லாட்டர்பாக்டின் புலமையை ஒப்புக்கொண்டே, அவர் வியன்னாவிலிருந்து அண்மையில் வந்த யூதர்தானே என்று குறிப்பெழுதினார். அப்போது லாட்டர்பாக்ட் பிரித்தானியக் குடிமகனாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தகுதியைப் பற்றி ஓயாது பேசும் இடங்களில் தகுதி நிறைந்தவரைத் தடுக்கப் பிறப்பு ஒன்றே போதுமானதாகிறது.

அவர் இல்லாத ஆணையம் உருவாக்கிய உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஏற்கப்பட்டது. உலகம் கொண்டாடியபோது லாட்டர்பாக்ட் கொண்டாடவில்லை. எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத, முறையிடுவதற்கு வழி சொல்லாத ஓர் ஆவணம் அரசுகளுக்கு எந்தச் செலவும் வைப்பதில்லை என்பது அவருடைய விமர்சனம். அப்பிரகடனத்துக்கு ஒரு நாள் முன்னர், டிசம்பர் 9ஆம் நாள், இந்திய அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எழுந்து, அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாடும் உரிமையைத் தரும் பிரிவே அரசமைப்பின் இதயமும் உயிருமாகும் என்று கூறினார். இன்று அது பிரிவு 32. ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்தும் மற்றவர் தில்லியில் இருந்தும் வந்தடைந்த முடிவு ஒன்றே: தீர்வு இல்லாத உரிமை வெறும் அறிவிப்பு.

லாட்டர்பாக்டின் ஐயம் முழுவதும் சரியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுப்படுத்தாத அப்பிரகடனத்தைக் கையிலேந்தி மக்கள் இயக்கங்கள் போராடின. அது நாளடைவில் பல உடன்படிக்கைகளுக்கு விதையாயிற்று. அறிவிப்பைச் சட்டமாக்கும் ஆற்றல் மக்களிடம் இருக்கிறது என்பதை அவர் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார்.

1955இல் அவர் தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதியானார். அங்கே அவர் முன் வந்தவற்றுள் தென்மேற்கு ஆப்பிரிக்கா, அதாவது இன்றைய நமீபியா பற்றிய கேள்விகளும் உண்டு. அந்நாட்டைத் தன் பொறுப்பில் வைத்திருந்த நிறவெறித் தென்னாப்பிரிக்கா, ஐக்கிய நாடுகள் அவையின் கண்காணிப்பை ஏற்க மறுத்தது. அந்நாட்டு மக்களின் சார்பில் முறையிடுவோரை அவையின் குழு நேரில் அழைத்து வாய்மொழியாகக் கேட்கலாமா என்ற கேள்வி 1956இல் எழுந்தபோது, கேட்கலாம் என்று நீதிமன்றம் கருத்துரைத்தது. லாட்டர்பாக்ட் அதற்கு உடன்பட்டுத் தனியே தம் கருத்தை எழுதினார். மனு வாங்க அதிகாரமில்லை என்று 1947இல் சொன்ன அவையின் குழு, மனுதாரரின் குரலையே கேட்கலாம் என்று ஒன்பது ஆண்டுகளில் தீர்மானமாயிற்று. 1960 மே 8ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே, 62ஆம் வயதில் லாட்டர்பாக்ட் மறைந்தார்.

நமக்கு இன்னும் திறக்காத கதவு

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளில் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை பிறந்தது. அதன் முதல் பிரிவில் வம்சாவளி என்னும் சொல் இடம்பெறக் காரணம் இந்தியா முன்வைத்த திருத்தமே. அச்சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று உடன்படிக்கைக் குழு 1996இல் இந்தியாவிடம் கூறியது. 2002இல் பொதுப் பரிந்துரையாகவே எழுதி வைத்தது. இந்திய அரசோ, சாதி இனம் அன்று, எனவே அது இவ்வுடன்படிக்கைக்குள் வராது என்று மறுத்துவருகிறது. 2001இல் டர்பன் மாநாட்டுக்குத் தலித் இயக்கங்கள் சாதியைக் கொண்டுசென்றபோது, அரசு எழுப்பிய தடை நமக்கு நன்கு தெரிந்ததே: இது உள்நாட்டு விவகாரம். ஊர் விவகாரம் என்று காவல் நிலையம் சொல்வதன் உலகப் பதிப்பு அது.

தனிமனிதர் நேரடியாக முறையிடும் வழிகள் இன்று ஐக்கிய நாடுகள் அமைப்பில் உள்ளன. ஆனால் அவற்றை ஏற்பது அந்தந்த அரசின் விருப்பம். இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் 14ஆம் பிரிவின்கீழ் முறையீடுகளை ஏற்கும் அறிவிப்பை இந்தியா செய்யவில்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1979இல் இணைந்த இந்தியா, முறையீட்டுக்கு வழிதரும் அதன் விருப்ப நெறிமுறையில் இன்றுவரை இணையவில்லை. எனவே உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்ற ஒரு தலித் பெண்ணால் அக்குழுக்களின் கதவைத் தட்ட இயலாது. நம் இயக்கங்கள் மாற்று அறிக்கைகளைக் கொண்டு சாளரத்தின் வழியே பேசிக்கொண்டிருக்கின்றன.

சட்டக் கல்லூரிகளில் பயிலும் நம் தோழர்கள் பன்னாட்டுச் சட்டத்தை அயல்நாட்டு வேலைக்கான பாடமாகவோ தேர்வுக்கான பாடமாகவோ மட்டும் படித்து முடித்துவிடக் கூடாது என்று வேண்டுகிறோம். தேர்வெழுத விடாமல் துரத்தப்பட்ட ஒரு மாணவர், அரசுகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த ஒரு சட்டத்தில் மனிதருக்கு இடம் கேட்டு நாற்பது ஆண்டுகள் எழுதினார். பிரிவு 14இன் அறிவிப்பையும் விருப்ப நெறிமுறையையும் ஏற்குமாறு இந்திய அரசை வலியுறுத்துவது, அவர் விட்டுச்சென்ற பணியில் நம் பங்கு. மனு வாங்கப்பட வேண்டும். காவல் நிலையத்திலும் ஜெனீவாவிலும்.